நாலு நிமிஷத்தில் வரும் கார்

"இன்னும் நாலே நிமிஷம், கார் வந்துரும்" என்று பிரபு சொன்னதும் ஈஸ்வரி சாலையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்தாள்.

அவன் கைப்பேசியில் ஒரு குட்டி மஞ்சள் கார் அசையாமல் நின்றது. அவர்கள் நின்ற குரங்கணிக்கும் அதற்கும் நடுவே விரற்கடை தூரம். அந்த விரற்கடைக்குள் ஒரு மலை செங்குத்தாக நிற்கிறது என்று டாக்ஸி ஆப்புக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். கார் இருந்த இடம் டாப் ஸ்டேஷன். மலை உச்சி, அதுவும் கேரளா. அங்கிருந்து நேராக வருவதென்றால் காட்டுப் பாதையில் நடந்து இறங்கலாம், அல்லது உருண்டு விழலாம். காரில்தான் வருவேன் என்றால் மூணாறு போய், பூப்பாறை சுற்றி, போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, போடிக்குள் நுழைந்து மறுபடி இங்கே ஏற வேண்டும்.

"அது மேல நிக்கிது" என்றாள் ஈஸ்வரி.

"மேப்புல பக்கத்துலதான காட்டுது?"

"மேப்புல எல்லாம் பக்கத்துலதான்."

பிரபுவுக்குப் பூர்வீகம் ராசிங்காபுரம், பிழைப்பு பெங்களூரு. காலையில்தான் போடியில் ஈஸ்வரியைப் பெண் பார்த்தான். 'ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசட்டும்' என்று பெரியவர்கள் குரங்கணிக்கு அனுப்பிவைத்தார்கள். காவலுக்கு ஈஸ்வரியின் அண்ணன் மனைவி முத்துப்பிரியா. கொண்டுவந்து விட்ட அவள் சித்தப்பாவின் கார் வேறு சோலிக்குத் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்குமுன் ஈஸ்வரி 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்தவள். "இதையும் கழிச்சேன்னா இனி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று அம்மா பாண்டியம்மாள் சொல்லியிருந்தாள்.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை ஈஸ்வரியின் தொண்டைவரை வந்துதான் இருந்தது. ஆள் லட்சணமாக இருந்தான். அவள் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரித்தான். ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காக ஏலக் கூடத்தில் உட்கார்ந்து கணினியில் விலை கேட்பது அவள் வேலை. அங்கே பொத்தானை அழுத்தினால் சரக்கு உன் தலையில். 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு அழுத்தினேன்' என்று இளித்தால் அடுத்த ஏலத்தில் நாற்காலி கிடைக்காது.

"சார், ஜீப்பு இருக்கு. ஏறுனாப் போடி" என்றான் வீரணன். தன் ஜீப்பின் பானெட் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு?"

வீரணனிடம் மீட்டர் கிடையாது. ஆளின் செருப்பைப் பார்த்து வாடகை சொல்வான். பிரபு போட்டிருந்ததோ பால் வெள்ளை ஷூ. வாடகையைக் கேட்ட முத்துப்பிரியாவுக்கே இருமல் வந்தது.

"பாத்தீங்களா? வெளியூர்னா தலையில மொளகா அரைச்சிருவாங்க" என்று பிரபு ஈஸ்வரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஆப்புல அந்தக் கதையே கெடையாது. ஒரே ரேட்டு. டிரைவருக்கும் மார்க்கு, நமக்கும் மார்க்கு. எனக்கு நாலு புள்ளி ஒம்பது."

"எத்தனைக்குத் தம்பி? அஞ்சுக்கா, நூறுக்கா?" என்றாள் முத்துப்பிரியா.

"வெளி வண்டி இங்க ஆள் ஏத்தக் கூடாது சார். ஸ்டாண்டுக் கட்டுப்பாடு" என்றான் வீரணன்.

"யாரு போட்ட கட்டுப்பாடு?"

"நாந்தேன். இன்னைக்கு ஸ்டாண்டுல நான் ஒருத்தன்தான இருக்கேன்."

கைப்பேசி அடித்தது. பிரபு ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வேலுச்சாமி பேசுறேன். தேனி வண்டி. டாப் ஸ்டேஷன்ல ஆள எறக்கிட்டு நிக்கிறேன். கீழ வர்ற சோலிதான், ஆனா சுத்தி வரணும் சார், மூணு நாலு மணி நேரமாகும். இங்க மூணாறுக்கு ஒரு பார்ட்டி கூப்புடுது. நீங்க நிச்சயமா நிப்பீங்கன்னாச் சொல்லுங்க, அவங்கள விட்டுட்டு வர்றேன்."

"நிச்சயமா நிப்போம். வாங்க" என்றான் பிரபு.

பிரபுவின் அந்தக் குரல் ஈஸ்வரிக்குப் பிடித்திருந்தது. சொன்ன சொல்லுக்கு நிற்கிற குரல்.

போனை வைத்துவிட்டு அவன் நேரே வீரணனிடம் போய்ப் பேரம் பேசத் தொடங்கினான்.

பேரம் பேசத் தெரியாதவன் பேரம் பேசுவதைப் பார்ப்பது ஒரு தண்டனை. பிரபு இறக்கினான், வீரணன் ஏற்றினான். 'வேண்டாம்' என்று பிரபு டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தான். மலையிலிருந்து மேகம் இறங்கியது, வாடகை இன்னும் ஏறியது. இப்படியே ரெண்டு மணி நேரமும் ரெண்டு டீயும் ஒரு பஜ்ஜித் தட்டும் ஆனபின், "எங்கடா இருக்க, எல்லாரும் காத்திருக்காக" என்று பிரபுவின் அம்மா போனில் சீறினாள். பிரபு எழுந்து, முதலில் மறுத்த வாடகையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஜீப்பில் ஏறினான். முழு வாடகை வாங்கிய வண்டியில் வீரணன் வெட்கமே இல்லாமல் நாலு காப்பி மூட்டைகளையும் ஏற்றினான். வெள்ளை ஷூ மூட்டைக்கு அடியில் போனது. ஜீப்பா ஆப்பா என்று கேட்டால் ஒன்று பட்டப்பகல் கொள்ளை, இன்னொன்று படம் போட்ட பொய். ஈஸ்வரிக்குக் கொள்ளையே தேவலை என்றிருந்தது. அதையாவது வீரணன் முகத்துக்கு நேரே செய்கிறான்.

பாதி வழியில் மறுபடி வேலுச்சாமி.

"சார், பூப்பாறை தாண்டிட்டேன். வெரசா வந்துர்றேன். எடத்துலயே இருங்க."

ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது. அவனை வர வேண்டாம் என்று இந்த ஆள் இன்னுமா சொல்லவில்லை?

"இங்கதாண்ணே நிக்கிறோம். நீங்க பாத்து வாங்க" என்றான் பிரபு. அதே குரல். கொஞ்சமும் பிசகாத, சொல்லுக்கு நிற்கிற குரல்.

"ஏதோ எரைச்சலா இருக்கே சார்?"

"பக்கத்துல ஜீப்பு ஸ்டார்ட் பண்றாங்க."

வீரணன் கண்ணாடியில் பிரபுவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். தொழிலில் தன்னைவிடப் பெரியவனைக் கண்ட சிரிப்பு.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் ஈஸ்வரி.

"நாம கேன்சல் பண்ணா ஃபைன், மார்க்கும் எறங்கும். வந்து பாத்துட்டு அவரே பண்ணிக்கட்டும். இதெல்லாம் சகஜம் ஈஸ்வரி. எப்பவும் ரெண்டு எடத்துல போட்டு வைக்கணும். மொதல்ல வர்றதுல ஏறிக்கணும்."

"பொண்ணு பாக்குறதுலயுமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். பிரபு சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. ஏலத்தில் எதிராளி பிந்தினால் ஏன் என்று கேட்டுப் பழகியவள் அவள்.

"எந்த ஊரு?" என்றாள்.

"அது... அம்மாதான் சிலமலைல ஒரு எடம் பேசிட்டிருக்காங்க. ஒரு சேஃப்டிக்கு. இங்க முடிஞ்சா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"அவககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"வர்றோம்னுதான்."

முத்துப்பிரியா, "ஆத்தாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈஸ்வரி கையை நீட்டி அவன் கைப்பேசியை வாங்கினாள். வேலுச்சாமிக்கு அடித்தாள்.

"அண்ணே, நாங்க குரங்கணியில இல்ல. ஜீப்புல போடிக்குப் போய்க்கிட்டிருக்கோம். நீங்க அங்க ஏறிப் போகாதீங்க. இங்கயே கேன்சல் பண்றேன்."



"இத மூணாறு பார்ட்டி போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே தாயி" என்றுவிட்டு வேலுச்சாமி வைத்துவிட்டான்.  ஈஸ்வரி கேன்சல் பொத்தானை அழுத்திக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிரபு திரையைத் தடவித் தடவிப் பார்த்தான். "நாலு புள்ளி எட்டு ஆயிருச்சு" என்றான். அவன் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக உண்மையான துக்கத்தைப் பார்த்தாள் ஈஸ்வரி.

போடியில் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கித் தயாராக இருந்தது. பாண்டியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்ததுமே தாம்பாளத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, சம்மதந்தான?" என்றாள் பிரபுவின் அம்மா.

"இல்ல, அத்த" என்றாள் ஈஸ்வரி. "சிலமலைக்காரக நம்பர் இருந்தாக் குடுங்க. அவகளும் ரோட்டப் பாத்து நின்னுக்கிட்டிருப்பாக. ஒரு வார்த்த சொல்லிர்றேன்."