ஃபார்மட் செய்யட்டுமா

...அதுவும் ஒவ்வொன்றாக, அன்றைக்குக் காலை முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறார், ஃபார்மட் செய்யட்டுமா, இருப்பதையெல்லாம் அழிக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று அழுத்துவார், அடுத்த ஃபிளாப்பியைப் போடுவார், மறுபடி கேட்கும், மறுபடி சரி, ஒரு இடத்திலாவது கை நிற்க வேண்டாமா, பக்கத்து அறையில் பெண்டாட்டி என்று ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் முத்து உதிர்ந்துவிடுமா? டேப் எதற்கு என்று தெரியாதாம். ஃபிளாப்பியின் மூலையில் இருக்கும் சின்ன ஓட்டையை அந்தக் காலத்தில் அவள்தான் டேப் ஒட்டி மூடினாள், மாமா வாங்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒரு ஃபிளாப்பியில் பாதி அளவுக்குத்தான் எழுதும், ஓட்டை மூடியிருந்தால்தான் பின்னால் வந்த டிரைவ்கள் அதைப் பழைய முறையில் படிக்கும், திறந்திருந்தால் இதில் ஒன்றுமே இல்லை என்று சாதித்துவிட்டு ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். இவர் கண்ணுக்கு அந்த டேப் அழுக்கு. பசை கசிந்து கறுத்திருக்கிறது, டிரைவில் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் உரித்து, பஞ்சால் துடைத்து, அப்புறம்தான் உள்ளே போட்டிருக்கிறார், துடைக்காமல் போட்டிருந்தால் அவள் அந்தக் கம்ப்யூட்டரில் போட்ட மெட்டுகள் அத்தனையும் இன்றைக்கு இருந்திருக்கும்.

நல்லதுக்குத்தான் செய்தாராம். அவள் பிறந்தநாளுக்கு எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றித் தர நினைத்தாராம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம், நல்ல மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? நாத்தனார் வேறு போனில், "என் தம்பி ஒரு தங்கம், அவனைப் போய் மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு கொல்றியே" என்கிறாள். தங்கம்தான், யார் இல்லை என்றது, தங்கத்தை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறதே... இப்போது அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறார், அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று சத்தமே வராமல் கழுவுகிறார், அந்தச் சத்தமின்மை இன்னும் எரிச்சலாக இருக்கிறது, ஒரு தட்டையாவது கீழே போட்டு உடைத்தால் என்ன.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. மாமா கொடுத்த பழைய மெஷினின் டிரைவுக்குள்ளேயே மாட்டிக்கிடந்த ஃபிளாப்பி, மற்றவற்றோடு பெட்டியில் இல்லாததால் இவர் கையில் சிக்காமல் தப்பித்தது, இடுக்கியால் பிடித்து இழுத்து வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். அதில் மெட்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதைத் திறக்க அந்த மெஷின் எழுந்திருக்க வேண்டும், மெஷின் எழுந்திருக்க சிஸ்டம் ஃபிளாப்பி வேண்டும், அதையும்தான் தங்கம் துடைத்துவிட்டதே. சிஸ்டம் மட்டும் நெட்டில் கிடைக்கிறது, முழு ஃபிளாப்பியின் நகலான ஒரே இமேஜ் கோப்பாக, அதை அப்படியே ஒரு வெறும் ஃபிளாப்பியில் எழுத வேண்டும். வெறும் ஃபிளாப்பிக்கு எங்கே போவது? அதற்குத்தான் பெட்டி நிறைய வெறும் ஃபிளாப்பி ஆக்கிக் கொடுத்திருக்கிறாரே. மேலே அவள் கையெழுத்து அப்படியே இருக்கிறது, மழை மெட்டு, பஸ் மெட்டு, தூக்கம் வராத மெட்டு... தான் பெயர் எழுதி வைத்ததன் மேல் தானே வேறொன்றை எழுத வேண்டும், என்ன பிழைப்பு இது.

பஸ் மெட்டை எடுத்து, ஓட்டைமேல் புது டேப் ஒட்டி, புதுக் கம்ப்யூட்டரோடு மாட்டிய டிரைவில் தள்ளினாள். டிரைவ் கரகரத்தது. ஃபிளாப்பியின் டிராக் எண் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடியது, பாதி தாண்டியதும் நின்றது, பிழை. மறுபடி எழுதினாள், அதே இடத்தில் பிழை. வேறு அளவில் ஃபார்மட் ஆன ஃபிளாப்பி லேசில் வழிக்கு வராது. மழை மெட்டை எடுத்தாள், அதுவும் மக்கர். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது. இது எழுதி முடித்தது. அவர் அறை வாசலில் வந்து நின்றார், கை ஈரம், உள்ளே வரவில்லை.

"நான் ஏதாவது பண்ணட்டுமா?"

"நீங்க பண்ணின வரைக்கும் போதும்."

அவர் போகவில்லை. போனால்தான் என்ன, நின்றால்தான் என்ன. எழுதிய ஃபிளாப்பியைப் பழைய மெஷினில் போட்டு சுவிட்சைத் தட்டினாள், இருட்டாக இருந்தது, பிறகு வெளுத்தது, எழுந்துவிட்டது, வந்தது சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. சிஸ்டத்தை எடுத்துவிட்டு மிச்சமிருந்த ஒன்றைப் போட்டாள். ஒரே ஒரு கோப்பு. திறந்தாள். பாடியது. மெல்லிய, கீச்சுக்குரலில் ஒரு மெட்டு, இதையா போட்டேன், ஆமாம் நான்தான், விடுதி அறையில், பரீட்சைக்குப் படிக்காமல்... நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, பட்டென்று நின்றுவிட்டது. ஃபிளாப்பி பழுதோ என்று பார்த்தாள், பழுதில்லை. எழுதியது அவ்வளவுதான். கல்யாணம், வீடு, வேலை எல்லாம் வந்து வாயை மூடிவிட்டதாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், இது நின்றபோது அதில் எதுவுமே வரவில்லையே, இவரை அவள் பார்த்திருக்கக்கூட இல்லையே.

வாசலில் நின்றவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, "அப்புறம் எப்படிப் போகும்?" என்றார்.

அவரை எரித்துவிடுகிற மாதிரி திரும்பிப் பார்த்தாள், பிறகு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் மெட்டை மறுபடி ஓடவிட்டாள்.