நாற்பதாயிரம் காதுகள்

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

"கண்ணாடி போட்டுக்கிட்டு நீயே படியேன்."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணு மேலயே நம்பிக்கை வரல."

வாயில் பிரஷ்ஷோடு வந்த கணவர் கைபேசியை வாங்கி, கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். "நாப்பதாயிரத்துச் சொச்சம். என்னது இது, கரண்டு பில்லு நம்பரா?"

"என் பாட்டை நேத்திலேர்ந்து கேட்டவங்க."

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதற்கும் பதறாதவர். அவருக்கே பிரஷ் வாயிலிருந்து நழுவப் பார்த்தது.

அவள் பெரிய மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். பத்தொன்பது வருடமாக ஒரே அறை, ஒரே இயந்திரம். அங்கே எல்லாருக்கும் அவள் காதுக்காரிதான். உண்மைப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் சொல்லும். மாலையில் வீட்டுக்கு வந்து சமையல் முடித்ததும், பின்னால் உள்ள சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவரெங்கும் கனமான போர்வைகள் தொங்கும். துணி தேய்க்கும் மேசை மேல் கீபோர்டு, பக்கத்தில் கணினி. மருத்துவமனை லிஃப்ட் விடும் பெருமூச்சு, மருந்து வண்டியின் தேய்ந்துபோன சக்கரம் போடும் தாளம் எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்துவந்து, அவற்றின் மேல் மெட்டுப் போட்டு, ஏற்றி இறக்கி, தானே பதிவு செய்து இணையத்தில் ஒரு தளத்தில் போடுவாள். பாட்டென்று சொன்னாலும் பாடுகிறவர் யாரும் கிடையாது. பின்னால் ஒரு கம்பெனியும் கிடையாது.

நான்கு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். லேசில் சேர்ந்த கூட்டமில்லை அது. முதல் நாற்பது பேர் மருத்துவமனை ஆட்கள். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு தரம் கேட்டுவிட்டு ஓடியவர்கள்தான் அதில் அதிகம். அப்புறம் அவள் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, இந்தச் சத்தம் எங்கே கிடைத்தது என்று இரண்டு வரி எழுத ஆரம்பித்தாள். யார் என்ன எழுதினாலும் அன்றைக்கே பதில் போட்டாள். ஒருத்தர் இருவராக வந்து நின்றார்கள். இருநூறாவது ஆள் வந்த அன்று அவள் யாருக்கும் சொல்லாமல் நல்ல புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலே, யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்ற பக்கத்தைத் திறந்தாள். புதிதாக வந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல முப்பத்தோரு வினாடி கேட்டிருந்தார்கள். முப்பது தாண்டினால்தான் அந்தத் தளத்தில் ஒருவர் கேட்டதாகக் கணக்கு. அந்தப் பாட்டிலோ ஐம்பதாவது வினாடியில்தான் மெட்டே ஆரம்பம். அதுவரைக்கும் வெறும் சக்கரச் சத்தம். நாற்பதாயிரம் பேர் வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

டப்பாவைத் தள்ளி வைத்தாள். இந்த மாதிரி ஆட்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். சோதனை அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கேட்காமலே அழுத்துகிறவர்கள் உண்டு, அவள் மனம் நோகக் கூடாது என்று. அவள் ஒரு சத்தமும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். அப்போதும் அவள் பக்கத்து விளக்கு எரியும்.

கைபேசி அடித்தது. அண்ணன். டயர் கடை வைத்திருப்பவர்; காற்றடிக்கிற இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியதால் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார்.

"பாப்பா! பாத்தியா? எப்படி நம்ம வேலை?"

"அண்ணா... நீயா?"

"பின்னே? பொறந்த நாளுக்குத் துணி எடுத்தா கலர் சரியில்லம்பே. அதான் நெட்ல ஒரு ஆளைப் புடிச்சேன். ஒரே நாள்ல ஊரையே கூட்டியாந்து உக்கார வெச்சுட்டான்."

"அண்ணா, அதெல்லாம் மனுஷங்களே இல்ல. மெஷினு."

"மெஷினுக்கே புடிச்சிருக்குன்னா பாத்துக்கோயேன்!"

கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாளில் கணினியை மூன்று மாடி தோளில் தூக்கி வந்தவர் அவர். சுவரில் போர்வைகளை ஆணியடித்து மாட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அந்த மனுஷரிடம் என்னவென்று சண்டை போடுவது?

நான்காம் நாள் தளத்திலிருந்து கடிதம் வந்தது. கேட்டவர் எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டிய காரணத்தால் உங்கள் பக்கம் நீக்கப்பட்டது. பாட்டுகள், பின்னூட்டங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாம் போயிற்று. மூன்று தடவை விளக்கம் எழுதினாள். மூன்று தடவையும் ஒரு எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது.

"வேற எடத்துல திரும்ப ஏத்தினா போச்சு," என்றார் கணவர்.

"பாட்ட ஏத்திடலாங்க. ஆளுங்கள எப்படி ஏத்தறது? யாரு, எங்க இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாதே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்குன்னு தனியா யாராச்சும் லெட்டர் போட்டிருப்பாங்கல்ல?"

தேடினாள். நான்கு வருடத்து மின்னஞ்சல் குப்பையைக் கிளறியதில் பதினேழு கடிதங்கள் கிடைத்தன. பதினேழு பேருக்கும் தனித்தனியாக எழுதினாள். நடந்ததை எப்படிச் சொல்வது என்பதுதான் இடித்தது. பொய் சொல்ல மனமில்லை, அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. கடைசியில், 'எங்கள் வீட்டில் ஒருவர் அளவுக்கு மீறிப் பாசம் வைத்துவிட்டதால் என் பக்கம் மூடப்பட்டது. புதிய முகவரி கீழே' என்று எழுதி அனுப்பிவிட்டு, திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் பாத்திரம் கழுவப் போனாள்.

முதல் பதில் ரொட்டி அடுப்பில் வேலை செய்கிற ஒருவரிடமிருந்து வந்தது. "என் போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரிப்பேர் கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டேங்க. இப்ப போய் மன்னிப்பு கேக்கணும்." படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுதியிருந்தாள்: "உங்க லிஃப்ட் பாட்டு ஓடி முடியறதுக்குள்ள அம்மாவத் திருப்பிப் படுக்க வெச்சிடுவேன். அது ஓடினா அம்மா முனகறதில்ல. நாலு நாளா ரெண்டு பேருக்கும் கை கால் ஓடல." துணி வெட்டும் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர் கூட வேலை செய்யும் அத்தனை பேருக்கும் முகவரியை அனுப்பியிருந்தார். இன்னொருவர், "அந்தப் பாசக்காரர் யாருங்க? எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், கட்டிப்போட வழியிருந்தா சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

இரண்டு பேர் பதிலே போடவில்லை. மற்றவர்கள் ஆளுக்கு ஆள் சொல்லி, ஒன்றரை மாதத்தில் புதிய பக்கத்தில் தொண்ணூற்று மூன்று பேர் ஆனார்கள். அவள் அந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். இந்தத் தடவை வந்தவர்கள் காணோமே என்று தேடிக்கொண்டு வந்தவர்கள். தன்னைக் காணோம் என்று முன்பின் தெரியாத ஒருவர் தேடுவார் என்பது அவள் கனவிலும் நினைக்காத விஷயம். நன்றி என்று எழுதிப் பார்த்தாள். போதவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வார்த்தை கைவசம் இல்லை.

பக்கம் மூடப்பட்ட விஷயம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் இந்தப் பக்கமே வரவில்லை. அண்ணிதான் போன் செய்தாள். "உங்க அண்ணன் மெதுவா பேச ஆரம்பிச்சிட்டார். எனக்குப் பயமா இருக்கு."

"வரச் சொல்லுங்க அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் டயர்க் கருப்பு. சின்ன அறை வாசலில் தயங்கி நின்றார்.

"எனக்கு என்ன தெரியும் பாப்பா. நல்லா நாலு வார்த்தை திட்டிடு, நான் போறேன்."

"திட்டல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பாட்டுல உனக்கு எது புடிக்கும்?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

"இருக்குமா?"

அண்ணன் சுவரிலிருந்த போர்வையைத் தடவினார். "நான் கேட்டதில்ல பாப்பா. கம்ப்ரசர் பக்கத்துல முப்பது வருஷம் நின்ன காது இது. நான் கேட்டு உனக்கு என்ன ஆகப்போவுது? அதான் வெவரம் தெரிஞ்சவங்களா நாப்பதாயிரம் பேரைப் புடிச்சேன்."

சுருக்கென்றது. ஆனால் அந்த முள் அவர் பக்கமிருந்து வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராகக் கெஞ்சி அழைத்தவள், இந்த ஒருவரிடம் 'கேக்கறியா அண்ணா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தூக்க, ஆணியடிக்க, வண்டியில் கொண்டுபோய் விட என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உக்காரு," என்றாள். இன்னும் முடிக்காத புதுப் பாட்டைப் போட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். பரீட்சைக்கு வந்த பையனைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார் அண்ணன். கொஞ்ச நேரத்தில் முதுகு தளர்ந்தது. பாட்டு முடிந்ததும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார்.

"என்ன அண்ணா?"

"சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நடுவுல ஒரு எடம். வண்டி கெளம்பிடுச்சு, ஆனா ஹேண்ட் பிரேக்க எடுக்காமயே இழுத்துக்கிட்டுப் போறாப்ல இருக்கு."

"அது நான் சொல்ற டயலாக்கு!" சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

அவள் சிரிக்கவில்லை. அந்த இடம்தான் இரண்டு வாரமாக அவளையும் உறுத்திக்கொண்டிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"எந்த எடம்னு காட்டு."

"எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. போடு, வந்ததும் கையக் காட்டறேன்."

மறுபடி ஓடவிட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தானாக எழுந்தது. கடைக்கு லாரி பின்னால் வரும்போது ஓட்டுநருக்கு வழி காட்டுவதுபோல, வா, வா, இன்னும் வா என்று விரல்கள் காற்றை மெல்ல அள்ளின. கீபோர்டின் மேல் ஒரு விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது நிற்கும் என்று.