ஈரத்துணி மூட்டை

கடலோரத்தில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. வீட்டில் ஒரு சட்டையும் காயாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த லாரி டிரைவரின் மனைவி, ஈரத்துணியை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் பாலைவனம்தானே? காய வெச்சுக் கொண்டு வாங்க."

தலையெழுத்தே என்று அவரும் கிளம்பினார். மலையைத் தாண்டியதும் மருந்துக்கும் மேகமில்லை. டீக்கடை ஓரமாக, அங்கிருந்த மிளகாய்ச் செடிக்கு மேலே கயிறு கட்டித் துணிகளை உதறிப் போட்டார். டீ ஆறுவதற்குள் அத்தனையும் சருகாகக் காய்ந்துவிட்டன.

கடைக்காரி இடுப்பில் கைவைத்து முறைத்தாள். திட்டு நிச்சயம் என்று டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"ஏண்ணே, அண்ணி நல்லாப் பிழிஞ்சு அனுப்பிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அடுத்த தடவை மழைத்தண்ணியில அலசி, பிழியாமக் கொண்டு வாங்க. என் மிளகாய்ச் செடி இன்னும் மழையையே பார்த்ததில்ல."