துணைக்கு உட்காருதல்

மணி ஒன்றரை. மறுநாள் முகூர்த்தம். மணப்பெண் அனு தன் அரக்கு நிறப் பட்டு ரவிக்கையைப் பெற்றுக்கொள்ள நான்கு மணிக்கு வருவதாக இருந்தாள். அந்த ரவிக்கைக்கு இன்னும் கைகள் தைக்கப்படவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள தன் சிறு தையற்கடையில், திரிஷா தரையில் அமர்ந்து, கலந்து கிடந்த கொக்கிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழைத்ததால்தான் நான் சென்றிருந்தேன். எங்கள் இருவருக்கும் ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாடு உண்டு. வயது வந்த பின்னரே கண்டறியப்பட்டது. எங்களைப் போன்ற அறுவர் ஞாயிறுதோறும் கூடுகிறோம். அக்குழுவில் அறிவுரைக்கு இடமில்லை. ஒருவருக்கு வேலை ஓடாதபோது, மற்றொருவர் தம் சொந்த வேலையை எடுத்துக்கொண்டு சென்று பக்கத்தில் அமர வேண்டும், அவ்வளவே. 'துணைக்குக் குந்தறது' என்பது திரிஷா அதற்கு வைத்த பெயர். நூலகப் பணியாளராகிய நான் அதுவரை ஒருவருக்கும் அவ்வாறு அமர்ந்ததில்லை. பிறரிடம் ஒரு சொல் சொல்வதற்கே எனக்குக் கூச்சம்.

சென்ற ஆவணியில் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கையைத் திரிஷா திருமணம் முடிந்த மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதுவும் தவறினால் கடையை மூடிவிடுவதாக ஞாயிறன்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். சொல்லும்போது சிரித்தாள். உடன் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

எட்டு மாதங்களாகப் பையிலேயே சுமந்து திரிந்த பெயர்த்திருத்த விண்ணப்பத்தை நான் விரித்துக்கொண்டேன். கொக்கிகளைப் பற்றி அவளிடம் எப்படிக் கூறுவதென்று மனத்துக்குள் மூன்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். மூன்றிலும் 'தவறாக எண்ண வேண்டாம்' இருந்தது. கடைசியில், "திரிஷா, கொக்கி இப்பவா வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தன் உள்ளங்கையில் இருந்த கொக்கிகளைப் பார்த்தாள். "இல்ல குழலிக்கா. கைதான் வேணும்," என்று எழுந்து இயந்திரத்தின் முன் அமர்ந்தாள்.

முதல் கை ஏறியது. தையல் ஓசை சீரானது. நானும் முகவரி வரை எழுதிவிட்டேன். அஞ்சல் எண்ணைத் தேடக் கைப்பேசியை எடுத்தது நினைவிருக்கிறது. அந்தத் தேடலில் எங்கே தடம் மாறினேன் என்பது நினைவில்லை. இயந்திரம் நின்ற பிறகே நிமிர்ந்தேன்.

"அக்கா, இன்னா பாத்துக்கினு இருக்க?"

ஆமை எவ்வளவு நேரம் மூச்சடக்கும் என்று படித்துக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டேன்.

"நல்லா வந்த போ, துணைக்கு," என்றாள். "ஆமய வுட்டுட்டு ஃபாரத்த எழுதுக்கா. நீ எழுதுனாதான் எனக்கு ஓடுது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. வெட்கமே வேகமாகி நான் கையெழுத்திட்டு முடித்தபோது, அவள் இரண்டாம் கையையும் ஏற்றிவிட்டுக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கொக்கியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சுவர்க்கடிகாரத்தில் மூன்று நாற்பது. நம்பாமல் என் கைப்பேசியிலும் பார்க்கச் சொன்னாள். அதிலும் மூன்று நாற்பதுதான்.

"இருவது நிமிசம் மிச்சம் இருக்குதுக்கா," என்றாள் மெல்ல. "இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

நேரம் மிஞ்சிய அனுபவம் எங்கள் இருவருக்குமே இல்லை. ரவிக்கையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, வாசலில் வந்து நின்றோம். தெருமுனையில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் திரிஷா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் காணோமே," என்று இடுப்பில் கைவைத்துக் குறைப்பட்டுக்கொண்டாள். "இந்தக் கல்யாணக்காரங்களே இப்டித்தான்க்கா. சொன்ன டைமுக்கு வரமாட்டாங்க."

எங்களுக்குப் பின்னால், மின்விசிறிக் காற்றில், அரக்குப் பட்டின் இரு கைகளும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.