புல்லைச் செதுக்க வைத்தவள்

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், தன் மஞ்சள் காட்டுக்குள் ஓடிய தண்ணீர்ப் பைப்பைச் சௌந்திரம் கடப்பாரை போட்டுப் பெயர்த்தாள். வெயில் ஏறுவதற்குள் துண்டு துண்டாக வேலியோரம் எறிந்துவிட்டாள்.

பைப் சென்னியப்பனுடையது. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர். வெண்ணந்தூர் ரோட்டோரம் பங்களா கட்டி, முன்னால் கால் ஏக்கருக்குப் புல் வளர்த்தார். பெங்களூரிலிருந்து லாரியில் வந்த புல். அதற்காகவே சௌந்திரத்தின் காட்டுக்குப் பின்னால் இருந்த தன் நிலத்தில் முந்நூறடி போர் இறக்கினார். அங்கிருந்து பங்களாவுக்குத் தண்ணீர் அவள் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் புருஷன் கந்தப்பன், "கொண்டு போங்க மாமா" என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தான்.

கந்தப்பன் செத்துப்போனான். மழையும் இரண்டு வருஷம் பொய்த்தது. போருக்கு நாற்பதடி தள்ளியிருந்த அவள் கிணறு வற்றி, கார்த்திகையில் மஞ்சள் காய்ந்தது. உழவு மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டினாள். திரும்பி வரும் வழியிலேயே பங்களாவுக்குப் போனாள். சென்னியப்பன் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, ஒரு நாள் உட்டு ஒரு நாள் பாய்ச்சினா ஆகாதுங்களா? என்ற கெணறு வத்திப்போச்சுங்க."

"ஊர்க் கெணறெல்லாந்தான் வத்துது. அதுக்கு என்ற புல்லு என்ன பண்ணும்? உனக்கென்ன தெரியும், போ அம்மிணி."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழாய்த் தண்ணீர் அவள் சேலையில் தெறித்தது. துடைக்காமலே வந்தாள்.

மறுநாள் ஒரு கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சுப் போட்டாள். கல்லைக் கட்டிக் காலையும் மாலையும் கிணற்றில் இறக்கிப் பார்த்தாள். சென்னியப்பன் மோட்டார் ஓடினால் தண்ணீர் நாலு விரற்கடை இறங்கியது. கரண்ட் இல்லாத நாளில் அதே அளவு ஏறியது. ஒன்றரை முழத்துக்கு மேல் என்றைக்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை கயிற்றை இழுக்கும்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. சென்னியப்பன் மகளுக்குக் கல்யாணம், புல்லில்தான் பந்தல் என்று தெரிந்ததும் நாள் பார்த்தாள். இருபது நாள் இருக்கும்போது கடப்பாரையை எடுத்தாள்.

சென்னியப்பன் ரிக்கோடு வெளியூரில் இருந்தார். பத்து நாள் கழித்து வந்தபோது புல் வைக்கோலாகக் கிடந்தது. சௌந்திரத்தின் கிணற்றில் நாலு முழம் தண்ணீர். ஆனால் தண்ணீர் ஏறியதைவிடப் புல் கருகியதுதான் அவளுக்கு இனித்தது.

"போலீசுக்குப் போவேன்!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"போங்க. என்ற காட்டுல கெடந்ததைப் புடுங்கினேன். எழுத்து ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க."

எழுத்து இல்லை. குரலை இறக்கினார்.

"கல்யாண ஊடு அம்மிணி. குடிக்கவாவது தண்ணி வேணும்."

கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே உட்டு எண்ணுங்க."

எண்ணினார். "நாலு."

"நீங்க பாய்ச்சறப்ப ஒன்னரை. உங்க புல்லு குடிக்காம இருந்தது பத்தே நாள். பைப்பை மறுபடி போட்டு ஊட்டுத் தொட்டிக்கு தெனம் ஒரு மணி நேரம் ஓட்டிக்கங்க. ஆனா புல்லை அடியோட செதுக்கோணும். ஆள் உடக் கூடாது. நீங்க செதுக்கோணும்."

"என்னையவா சொல்றே?"

"உங்களைத்தானுங்க."

பத்து நாளில் கல்யாணம். சென்னியப்பன் மம்பட்டி பிடித்தார். நாலு நாள் ஆயிற்று. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சௌந்திரம் காலையிலேயே வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள். அவர் நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணில் படும்படி நின்றாள். பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் அவர் மனைவி முத்தாயம்மாள் கூழாங்கல் பரப்பி அரளியும் ஆவாரையும் வைத்தாள். வாரம் ஒரு தடவை நாலு குடம் ஊற்றினால் போதும் என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் சௌந்திரம் கயிற்றை விட்டுப் பார்த்தாள். ஐந்தரை முழம். அதற்குள் பக்கத்து மூன்று வீட்டுப் பெண்கள் அங்கே குடம் கொண்டு வரத் தொடங்கியிருந்தார்கள்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு பந்திக்குப் போனாள். வாசலில் சென்னியப்பன் கும்பிட்டு வரவேற்றார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அதை நன்றாகப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள்.