பங்கேற்பாளர் ஏழின் இடது கண்

1.

இந்தக் கதையை எழுதத் தூண்டியது இரக்கம் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தூண்டியது பொறாமை. மஸீனாவின் மேல் எனக்கு இருந்த, இன்னும் இருக்கிற பொறாமை.

மஸீனாவும் நானும் மாத்தளையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் அதே ஊரில் வரலாற்று ஆசிரியையானேன். அவள் லண்டனுக்குப் போய், கறுப்பினச் சமூகங்களின் வரலாற்றையும் உடல்நலத்தையும் வாழ்க்கையையும் ஆராய்கிற ஒரு துறையில் சேர்ந்தாள். இலங்கையில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பற்றிப் புத்தகம் எழுதப் போன வருடம் திரும்பி வந்தாள்.

அது என் தலைப்பு.

(இந்த வரியை இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். கதை நகர மறுத்தது.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'போர்த்துக்கேயக் கப்பல் ஒன்றில் சங்கிலியோடு வந்திறங்கிய...'

வேண்டாம். மார்சலின் அக்காவுக்கு இது பிடிக்காது. "எங்களப் பத்தி எழுத வர்றவங்க எல்லாரும் கப்பல்லதான் ஏறுறாங்க, டீச்சர். இறங்கி வீட்டுக்கு யாரும் வர்றதில்ல" என்று ஒருமுறை சொன்னார்.

இரண்டாம் முயற்சி: மார்சலின் அக்கா நாலந்தாவில் த்ரீவீல் ஓட்டினார். ஐம்பத்தொரு வயது. புத்தளம் பக்கத்தில் பிறந்தவர். சீகிரியாவில் ஹோட்டல் சமையல்காரராக இருக்கும் ஜீவராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அவருடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஸ்டாண்டில் யாராவது 'காப்பிரி' என்று அந்த வம்சத்தாரின் பெயரை இளக்காரமாக முணுமுணுத்தால் தலையை வெளியே நீட்டி, "ஆமா, நான்தான். எங்க போகணும்?" என்பார்.

இது பரவாயில்லை. இப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பதினொரு வருடமாக அவரிடம் கேட்டுக் கேட்டு மூன்று கொப்பிகளைக் குறிப்புகளால் நிரப்பினேன். ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. பரீட்சைத் தாள்கள், மாமியாருக்குச் சுகமில்லை, [இங்கே இன்னும் நான்கு சாக்குகள் இருந்தன]. மஸீனாவை அவரிடம் அழைத்துப் போனதும் நான்தான்.

3.

அன்று மஸீனா ரெகார்டரை மேசையில் வைத்துவிட்டு முதலில் கேட்டது: "அக்கா, ஒங்களுக்கு நல்லா தூக்கம் வருதா?"

இது என்ன கேள்வி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நான் எப்போதும் பாட்டனாரின் பெயரில் ஆரம்பிப்பேன்.

மார்சலின் அக்கா பேசத் தொடங்கி ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. தூக்கம் எப்போது கெட்டது, பிரஷர் மாத்திரையை ஏன் பாதியில் விட்டார், உயிரில்லாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை. பெயர்கூட வைத்திருந்தாராம்.

பதினொரு வருடமாக எனக்குத் தெரியாத குழந்தை.

திரும்பும் வழியில் மஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தக் குழந்தைக்காக வருந்தியிருக்க வேண்டும். என் மனசு முழுக்க, 'என்னிடம் ஏன் சொல்லவில்லை' என்பது மட்டும்தான் இருந்தது.

4.

(இந்தப் பகுதியை படர்க்கையில் எழுதிப் பார்த்தேன். 'அந்த ஆசிரியை' என்று போட்டால் எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது!)

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தரும் வேலையை மஸீனா என்னிடம் கொடுத்தாள். "அவங்கட பேச்சு ஒனக்குத்தாண்டி பழக்கம்" என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் பறந்தாள். ஆய்வு விதிப்படி யாருடைய பெயரும் வரக்கூடாது. மார்சலின் அக்கா, பங்கேற்பாளர் ஏழு.

ஆறாவது பதிவில் மஸீனா போன் பேச வெளியே போகிறாள். கதவு சாத்தும் சத்தம். பிறகு மார்சலின் அக்காவின் குரல், தெள்ளத் தெளிவாக:

"இப்ப கொஞ்ச நாளா இடது கண்ணுல கறுப்பா என்னமோ மிதக்குது. ரோட்டு ஓரம் சரியா தெரியல. யாருகிட்டயும் சொல்லல."

உடல்நலத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு மஸீனா தேடிக்கொண்டிருந்த வரிகள். இதையும் அவளுக்கே கொடுத்துவிட்டாரே என்று நெஞ்சு காந்தியது. அந்த இடத்தில் [தெளிவில்லை] என்று தட்டினேன். அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவரும் எதற்காகவோ காத்திருப்பவர் போல என் முகத்தையே

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.]

5.

இரண்டு மாதம் கழித்து நாலந்தா வளைவில் அவருடைய வண்டி ரோட்டோர மதகின் போக்குக்கட்டில் மோதியது. பயணி யாரும் இல்லை. தோளில் சிராய்ப்பு. ஆனால் கண்ணைச் சோதித்த டாக்டர், பிரஷரால் உள்ளே இரத்தம் கசிந்து நாளாகிவிட்டது, முன்னமே வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இடது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும் தெரியும். வண்டி ஓட்ட முடியாது.

வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ரெகார்டர்ல சொன்னேனே டீச்சர், கேக்கலையா?"

"எது, அக்கா?"

"கண்ணு விசயம். மிஸ் வெளிய போன நேரம் பாத்துச் சொன்னேன். கேட்டு எழுதப்போறது நீங்கதான்னு மிஸ் முன்னமே சொல்லியிருந்தாங்க. ஜீவராஜுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துருவாரு. நேர்ல சொல்ல எனக்கும் பயம். நீங்கன்னா சத்தமில்லாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்."

எனக்காகச் சொன்னது. எனக்காக மட்டும்.

"அந்த இடத்துல சத்தம் சரியா விழலக்கா" என்றேன்.

"அப்படியா? நான்தான் மெதுவா சொல்லிட்டேன் போல" என்று தன்னையே நொந்துகொண்டார்.

6.

முடிவு, அ: நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் மன்னிக்கிறார். அவருடைய மன்னிப்பை நானே எழுதிக்கொள்வது இன்னொரு திருட்டு.

முடிவு, ஆ: மஸீனா பதிவைத் திரும்பக் கேட்டுக் கண்டுபிடிக்கிறாள். இது நடக்கக்கூடியது. ஆனால் இந்தத் துரோகத்தையும் அவளே என்னைவிட நன்றாக எழுதிவிடுவாள். (பார்த்தீர்களா, இன்னும் போகவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அவரைப் பற்றி எழுத அனுமதி கேட்டுப் போனேன். "என் பேர மாத்தாதீங்க. மிஸ்ஸோட புத்தகத்துல நான் வெறும் ஏழு" என்றார். வாசித்துக் காட்டச் சொன்னார். முதல் மூன்று பகுதிகளை வாசித்தேன். கப்பலுக்குச் சிரித்தார். குழந்தைக்கு அழுதார். என் பொறாமையைக் கேட்டு, "அட, இதுக்கா டீச்சர்!" என்று தோளில் தட்டினார்.

"அப்புறம்?"

"இன்னும் எழுதலக்கா."

எழுதியிருந்தேன்.

இன்று திங்கட்கிழமை. மாத்தளைக்குக் கண் கிளினிக் போகிறோம். பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடவல தாண்டிவிட்டது. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. என் பையில் தாள்கள் இருப்பதை அவர் தொட்டுப் பார்த்துவிட்டார்.

"எழுதிட்டீங்கபோல. மிச்சத்த வாசிங்க டீச்சர், நேரமாவது போகட்டும்."

தாள்களை வெளியே எடுத்துவிட்டேன். நான்காம் பகுதி மேலே இருக்கிறது, ஆறாம் பகுதி அடியில். நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள், அவர் படிக்கவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், எந்த வரியிலிருந்து வாசிப்பீர்கள்?