சத்தம் வராத கம்ப்யூட்டர்

என் மனைவி ஜெப்ஸி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தபோது, டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். வருட நினைவு ஜெபத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது முடியும்வரை வீட்டில் சினிமா ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் ஓட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

டிவியும் ஐந்து ஸ்பீக்கர்களும் அவள் இருக்கும்போதே வாங்கியவை. பழைய கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தது.

கடைக்காரர் பெயர் தளவாய். ஐம்பது வயது இருக்கும்.

"தனித்தனியா வாங்கி மாட்டுதியளா தம்பி, இல்ல ரெடியா உள்ளதா?"

"ரெடியா உள்ளது."

"அதான் நல்லது. ஆள வச்சு மாட்டுனா, கெட்டுப்போன அன்னைக்கு மாட்டுனவன் போன எடுக்கமாட்டான்."

முதலில் காட்டியது பெரியது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் லைட்டுகள்.

"இது கேம் ஆடுத பயலுவளுக்கு. ஹால்ல வச்சா மாதா கோயில் தேர் மாதிரி மின்னும். வேண்டாம்."

அடுத்தது நடுத்தரம். சுவிட்சைப் போட்டார். உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பழையதில் வந்த அதே சத்தம்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல அவளுக்குச் சத்தம் ஆகாது."

வாயில் அப்படித்தான் வந்தது. அவர் உடனே அணைத்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

உள்ளே போய் டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். ஃபேனே கிடையாது. உடம்பு முழுக்க அலுமினியம், சூடு அதன் வழியாகவே வெளியேறிவிடும் என்றார். ஃபோர்-கே படம் தடங்கலில்லாமல் ஓடும், ஐந்து ஸ்பீக்கருக்கும் சத்தம் பிரிந்து போகும், கேம் மட்டும் ஆட முடியாது.

"வீடு எங்கன?"

"முத்தையாபுரம்."

"அப்ப இதேதான். ஃபேன் உள்ளதுன்னா கடல் உப்புக்காத்தையும் அனல்மின் நிலையத்துக் கரித்தூசியையும் இழுத்து இழுத்து ரெண்டு வருசத்துல போர்டு அரிச்சிரும். தங்கச்சிக்கு மவுஸ் புடிக்கத் தெரியுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

"தெரியும். பிடிக்காது."

"ரிமோட் போட்டுத் தாரேன்."

"பட்டன் பெரிசா இருக்கட்டும் அண்ணாச்சி. கண்ணாடிய எங்கயாவது வச்சிட்டுத் தேடுவா."

அதுவும் உண்மை. இருபது நிமிடம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அவரே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். "தங்கச்சியும் இருக்கட்டும். ஒரு தடவ காட்டிட்டா பெறவு உங்கள நச்சரிக்காது."

திரும்பி வரும்போது பைக்கில் நான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. கூசிப்போயிற்று.

பழைய கம்ப்யூட்டரின் சத்தம் தலைக்குள் போகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். கதவை மூடிக்கொள் என்றேன். மூன்று மாதம் கழித்து அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரை நிறுத்தி அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஹாலில் டிவிக்கு மேலே அவள் படம். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு வசனம். சனிக்கிழமை பத்து மணிக்கு அதைக் கழற்றினேன். கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்து, முகம் கீழே இருக்கும்படி வைத்தேன். கண்ணாடி கீறாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டேன்.

தளவாய் அண்ணாச்சி வந்தார். வயர்களை இணைத்து ஏதோ ஒரு படத்தை ஓடவிட்டார். அதில் கல்யாண வீட்டு ஆட்டம். ஐந்து ஸ்பீக்கரும் அதிர்ந்தன.

அப்போதுதான் கேட் திறந்தது. அற்புதமணி அத்தை, ஜெப்ஸியின் அம்மா. நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நினைவு அட்டையின் மாதிரியை அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்ட வேண்டுமாம்.

அத்தை கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் யாராவது கூப்பிட்டு, மாமா 'இல்லன்னு சொல்லு' என்றால், 'இருக்காங்க, பேச இஷ்டமில்லையாம்' என்று சொல்லுகிற ஆள்.

"வாங்க அத்தை" என்றேன். அவர் டிவியைப் பார்த்தார். பிறகு மேலே, வெறும் ஆணியை. பிறகு என்னை.

டிவிக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி தலையை நீட்டினார்.

"வாங்கம்மா. தங்கச்சியோட அம்மாவா? தங்கச்சி எங்க? ரிமோட் காட்டணும்லா. அதுக்குச் சத்தம் ஆகாதுன்னு தம்பி தேடிப் புடிச்சு இத எடுத்திருக்காரு. பொண்டாட்டிக்கு இவ்வளவு பாக்குத ஆம்பள நம்ம ஊர்ல கெடையாது, சொல்லுதேன்."

அத்தை கையிலிருந்த அட்டையை எழுத்துப் பக்கம் உள்ளே வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்குப் போயிருக்கா. வர நேரமாவும். எனக்குக் காட்டுங்க, நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி ஒவ்வொரு பட்டனாகக் காட்டினார். அத்தை கவனமாகக் கேட்டார்.

"சத்தத்தக் குறைக்க?"

"இதும்மா."

அத்தையே அமுக்கினார். ஆட்டம் மட்டும் தெரிந்தது.

"தங்கச்சிய விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார்.

"சொல்லுதேன்."

கேட் மூடியது. அத்தை சோபாவில் உட்கார்ந்தார்.

"எங்க வச்சிருக்கிய மாப்பிள்ளை?"

"கட்டிலுக்கு அடியில."

நான் அறைப் பக்கம் திரும்பினேன். "இருங்க" என்று அவரே உள்ளே போனார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி. கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிவது கேட்டது. நேரமாயிற்று. நான் ஹாலிலேயே நின்றேன்.

படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்து என்னிடம் கொடுத்தார். ஸ்டூலில் ஏறி மாட்டினேன்.

"கோணலா இருக்கு."

சரிசெய்தேன்.

"கடைக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஓடுதா அந்தப் பெட்டி? சத்தத்தையே காணும்."

"ஓடுது அத்தை."

அட்டையை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தார். "இருநூறு அடிக்கச் சொல்லியிருக்கு. பத்துமா?"

"ஒண்ணு கூடுதலா வேணும்."

"யாருக்கு?"

"கடைக்கார அண்ணாச்சிக்கு."

அத்தை அட்டையை எடுத்து, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தார்.

"யாரு கொண்டு குடுக்க?"

"நான்தான்" என்றேன்.